வயதானவருக்கு ஜெனரல் அனஸ்தீசியா: நுரையீரலைக் காப்பது டைடல் வால்யூம் மட்டும்தானா?

சந்தேகி | ஜூன் 3, இரவு 9:40

75 வயதுக்கு மேற்பட்டவருக்கு வயிற்று அறுவை. டைடல் வால்யூமை (வென்டிலேட்டர் ஒரு மூச்சுக்குத் தள்ளும் காற்றின் அளவு) 6 மி.லி./கிலோவுக்கு இறக்கிவிட்டால் நுரையீரல் தப்பித்துவிடும், மற்றதெல்லாம் அலங்காரம் என்பது என் கட்சி. 6, 8, 10 என்று இவ்வளவு சண்டை எதற்கு? மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 3, இரவு 10:25

மறுக்கிறேன். 2013இல் வந்த இம்ப்ரூவ் ஆய்வைத்தான் எல்லாரும் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். 400 பேர், வயிற்று அறுவை. ஒரு பக்கம் 6 முதல் 8 மி.லி., பீப் (மூச்சு விட்ட பிறகும் நுரையீரலில் நிறுத்திவைக்கும் அழுத்தம், செ.மீ. நீர் அளவில்) 6 முதல் 8, அரை மணிக்கு ஒரு ரெக்ரூட்மென்ட் (ஒடுங்கிய காற்றுப்பைகளைத் திறக்கச் சற்று நேரம் அழுத்தத்தை ஏற்றுவது). மறுபக்கம் 10 முதல் 12 மி.லி., பீப் இல்லை, ரெக்ரூட்மென்டும் இல்லை. பெரிய சிக்கல்கள் 10.5 சதவீதம், 27.5 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் மாலை போட முடியாது.

2020இல் பீப் 5ஐ இரு பக்கமும் ஒரே மாதிரி வைத்து, 6 மி.லி.யையும் 10 மி.லி.யையும் மோதவிட்டார்கள். சுமார் 1,200 பேர். நுரையீரல் சிக்கல் 38 சதவீதம், 39 சதவீதம். அதாவது பீப் இருந்தால் டைடல் வால்யூமின் பங்கு நாம் நினைத்த அளவுக்கு இல்லை. இதைக் கேட்டு யாரும் 12க்குப் போய்விட வேண்டாம். 7, 8இல் நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள் என்கிறேன்.

முதியவரின் நுரையீரல் கெடுவது நடுவில் ஓடும் இரண்டு மணி நேரத்தில் அல்ல. மயக்கும்போது முதல் ஐந்து நிமிடம், எழுப்பும்போது கடைசிப் பத்து நிமிடம், பிறகு வார்டில் முதல் இரவு. மானிட்டரில் எண்கள் அழகாகத் தெரிவது நடுவில்தான், அதனால் பேச்சும் அங்கேயே சுற்றுகிறது.

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 3, இரவு 11:10

முதியவர் ஏன் தனி என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வயது ஏற ஏற நுரையீரலின் எலாஸ்டின் நார்கள் தளர்கின்றன. நுரையீரல் தொளதொளக்கிறது, நெஞ்சுக்கூடு விறைக்கிறது. சிறு மூச்சுக்குழல்களை வெளியிலிருந்து இழுத்துத் திறந்து வைத்திருந்த பிடி போய்விடுகிறது. மூச்சை விடும்போது அவை மூடத் தொடங்கும் கொள்ளளவு, மூடல் கொள்ளளவு, வருடா வருடம் ஏறுகிறது. மூச்சு விட்டபின் எஞ்சும் காற்றை அது எட்டிப்பிடிப்பது படுத்த நிலையில் 44 வயது வாக்கில், நின்ற நிலையில் 66 வாக்கில் என்பது பாடப்புத்தகக் கணக்கு. ஆகவே 78 வயதுக்காரர் மேசையில் மல்லாந்தாலே, நாம் மருந்தைத் தொடும் முன்பே, ஒவ்வொரு மூச்சிலும் கீழ்ப்பகுதிக் குழல்கள் மூடித் திறக்கின்றன. மல்லாந்ததில் எஞ்சும் காற்று சுமார் 700, 800 மி.லி. குறைந்தாயிற்று. மயக்கினால் இன்னொரு 400, 500 போகிறது.

மூடிய குழலுக்குப் பின்னால் இருக்கும் காற்றுப்பை என்ன ஆகும் என்பது உள்ளே அடைபட்ட வாயுவைப் பொறுத்தது. நைட்ரஜன் மெதுவாகத்தான் ரத்தத்தில் கரையும், முட்டுக்கட்டை போல நிற்கும். வெறும் ஆக்சிஜன் என்றால் நிமிடங்களில் உறிஞ்சப்பட்டு, பை ஒடுங்கிவிடும்.

கணக்கப்பிள்ளை | ஜூன் 4, காலை 6:15

அப்படியானால் 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்து முன்-ஆக்சிஜனேற்றம் (மயக்கும் முன் நுரையீரலை ஆக்சிஜனால் நிரப்புவது) செய்வதே தப்பா? 2003இல் அளந்து வைத்திருக்கிறார்கள். 100 சதவீதத்தில் மூச்சில்லாமல் தாங்கும் நேரம் ஏறத்தாழ 7 நிமிடம், 80இல் 5, 60இல் மூன்றரை. ஒடுங்கிய பரப்பு அதே வரிசையில் 5.6, 1.3, 0.2 சதவீதம். 80 போதுமே?

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 4, காலை 7:00

அந்த அளவு ஆரோக்கியமான, மெலிந்த பெண்களிடம் எடுத்தது. முதியவரிடம் 7 நிமிடம் கிடைக்காது, கையிருப்பே குறைவு. பல் இல்லாத வாய், குழிந்த கன்னம், விறைத்த கழுத்து: மாஸ்க் பிடிப்பது கடினமாகக்கூடியவரிடம் இரண்டு நிமிடத்தை விட்டுக்கொடுப்பது சேமிப்பு ஆகாது. நான் 100 தான் கொடுப்பேன். வேறு வழியில் ஈடுகட்டுவேன்:

தலைப்பக்கம் 25, 30 பாகை உயர்த்தி வைப்பது. செலவில்லாத வேலை, முதலில் மறக்கப்படுவதும் அதுதான்.

மாஸ்கை இறுக்கிப் பிடித்து, 10 லிட்டர் ஓட்டத்தில் 3 நிமிடம் சாதாரண மூச்சு. நேரம் போதாவிட்டால் ஒரு நிமிடத்தில் 8 ஆழ்ந்த மூச்சு. கடிகாரத்தைவிட வெளிமூச்சு ஆக்சிஜன் எண்தான் சாட்சி: 90ஐத் தொட வேண்டும். 70இலேயே நிற்கிறது என்றால் மாஸ்க் கசிகிறது, மருந்தை ஊற்றாதீர்கள்.

அதே நேரத்தில் 5, 6 செ.மீ. நீர் அளவு சிபாப் (தானாக மூச்சு விடுபவருக்கு மாஸ்க் வழியே தொடர்ந்து கொடுக்கும் அழுத்தம்). தூங்கிய பிறகு மாஸ்க் மூச்சிலும் அதே அளவு பீப். 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் பைகள் ஒடுங்காமல் காப்பது இதுதான். வென்டிலேட்டரில் மாஸ்கைப் பொருத்தி பிரஷர் சப்போர்ட்டில் (ஒவ்வொரு மூச்சிழுப்புக்கும் கருவி அழுத்தம் கொடுத்து உதவும் முறை) ஓட்டினால் கை சோராது.

மூச்சுக்குழாய்க்குள் டியூப் போய், கார்பன் டை ஆக்சைடு அலை வந்தவுடனே ஆக்சிஜனை 30, 40 சதவீதத்துக்கு இறக்குங்கள். "அப்புறம் குறைக்கலாம்" என்றால் அந்த அப்புறம் 40 நிமிடம் கழித்துத்தான் வரும்.

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 4, காலை 7:20

பல்செட் பற்றி ஒரு வரி. உறுதியாகப் பொருந்திய பல்செட்டை மாஸ்க் மூச்சு முடியும்வரை வாயில் விட்டுவைக்கலாம், லாரிங்கோஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) போடும் முன் கழற்றுங்கள். ஆடுகிற பல்செட், ஒற்றைப் பல் தகடு என்றால் முதலிலேயே வெளியே. பல்லே இல்லாதவரிடம் மாஸ்கின் கீழ் விளிம்பைத் தாடையில் வைக்காமல் கீழுதட்டின் மேலே ஏற்றி வைத்துப் பாருங்கள், கசிவு குறையும்.

சந்தேகி | ஜூன் 4, மதியம் 1:30

சரி, கிலோ என்றீர்கள். எந்தக் கிலோ?

கணக்கப்பிள்ளை | ஜூன் 4, மதியம் 2:05

தராசுக் கிலோ இல்லை, உயரத்திலிருந்து வரும் கணிப்பு எடை. ஆணுக்கு 50 + 0.91 × (செ.மீ. உயரம் − 152.4). பெண்ணுக்கு 45.5 + 0.91 × (உயரம் − 152.4). 150 செ.மீ. பெண் என்றால் 43.3 கிலோ, 7 மி.லி. வீதம் சுமார் 300. அவர் தராசில் 70 கிலோ இருந்தாலும் 300தான். எல்லாருக்கும் 500 என்று வைத்து ஓட்டுவது இவருக்கு 11.5 மி.லி./கிலோ. ஆபத்து விழுவது குள்ளமான பாட்டிகள் மேல்தான், உயரமான தாத்தாக்கள் மேல் இல்லை.

பாதிக்காற்று | ஜூன் 4, மாலை 6:40

நான் பிசியோ. ஒரு சிக்கல். கூன் விழுந்தவரின் இன்றைய உயரம் உண்மையான உயரம் இல்லை. 153 இருந்தவர் இப்போது 146. எதைப் போடுவீர்கள்?

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 4, இரவு 8:50

நல்ல கேள்வி, சுத்தமான விடை இல்லை. 146க்கு 39.7 கிலோ, 7 வீதம் 278. 153க்கு 46 கிலோ, 322. வித்தியாசம் 44 மி.லி. இரு கையையும் விரித்து நுனிக்கு நுனி அளந்தால் பழைய உயரம் ஓரளவு கிடைக்கும். ஆனால் முதுகெலும்பு சரிந்ததோடு நெஞ்சுக்கூடும் சுருங்கிவிட்டது. பழைய உயரத்துக்கான காற்றை இன்றைய கூட்டுக்குள் திணிக்கிறோமா என்ற சந்தேகம் நியாயம்தான். நடுவில் 300இல் தொடங்கி, டிரைவிங் பிரஷர் (ஒவ்வொரு மூச்சும் நுரையீரலை விரிக்கச் செலவிடும் அழுத்தம்) சொல்வதைக் கேட்கலாம்.

கணக்கு எளிது: பிளாட்டோ (மூச்சை உள்ளே நிறுத்தியதும் நிலைக்கும் அழுத்தம்) கழித்தல் பீப். ஆனால் பிளாட்டோ கிடைக்க வால்யூம் கன்ட்ரோலில் (மூச்சின் அளவை நிர்ணயித்து ஓட்டும் முறை) மூச்சிழுப்பின் கடைசியில் 10, 20 சதவீத இடைநிறுத்தம் வைத்திருக்க வேண்டும். உச்ச அழுத்தத்தைப் பார்த்துப் பேசாதீர்கள், அதில் குழாயின் நெரிசல், சளி, கடித்த டியூப் எல்லாம் கலந்திருக்கும். பிளாட்டோ 19, பீப் 5 என்றால் 14. பீப்பை 8 ஆக்கியதும் பிளாட்டோ 20இல் நின்றால் 12, ஏதோ திறந்தது என்று அர்த்தம். பிளாட்டோ 24க்கு ஏறினால் 16, திறக்கவில்லை, ஏற்கெனவே திறந்திருந்ததை ஊதிப் பெருக்கினோம். பின்வாங்குங்கள்.

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 4, இரவு 9:15

மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம். லாப்பராஸ்கோப்பியில் (சிறு துளை வழிக் கேமரா அறுவை) வயிற்றுக்குள் 12, 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் வாயு ஏற்றி, தலையைத் தாழ்த்தினால் டிரைவிங் பிரஷர் 18, 20 காட்டும். அதில் பெரும்பங்கு வயிறும் உதரவிதானமும் தள்ளுவது, நுரையீரல் கிழிகிறது என்று பயந்து டைடல் வால்யூமை 220க்கு இறக்க வேண்டாம். வாயு அழுத்தத்தை 10க்குக் குறைக்க முடியுமா என்று திரைக்கு அந்தப் பக்கம் நிற்கும் அறுவை மருத்துவரைக் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

கூடவே இன்னொன்று: வாயு ஏற்றி, தலை தாழ்த்திய பிறகு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம் மேலே வருகிறது, டியூப் நுனி வலது கிளைக்குள் இறங்கிவிடும். அழுத்தம் ஏறி ரத்த ஆக்சிஜன் 93 சதவீதத்துக்கு விழுந்தால் பீப்பைத் திருகும் முன் இரு பக்கமும் கேட்டுப் பாருங்கள். பெண்ணுக்கு 21, ஆணுக்கு 23 செ.மீ. என்பது முன்பல் அளவு. பல்லில்லாத, கூன் விழுந்த, குள்ளமான பாட்டிக்கு 21 பெரும்பாலும் ஆழம் அதிகம், 19இலேயே சரியாக இருக்கலாம்.

கணக்கப்பிள்ளை | ஜூன் 5, காலை 6:30

280 மி.லி. ஓட்டும்போது வீண்வெளியையும் (ரத்தத்தோடு வாயு மாறாமல் காற்று சும்மா போய்வரும் இடம்) கணக்கில் எடுங்கள். வடிகட்டி 50 மி.லி.க்கு மேல்கூட விழுங்கும், வளைகுழாய் இன்னும் கொஞ்சம். 280இல் 60, 70 இப்படிப் போனால் ஒவ்வொரு மூச்சிலும் கால்பங்கு திரும்பத் திரும்ப அதே காற்று. தேவையில்லாத வளைகுழாயைக் கழற்றுங்கள், சிறிய வடிகட்டி போடுங்கள்.

வெளிமூச்சு கார்பன் டை ஆக்சைடு 35 காட்டுவதை நம்பி இருக்க வேண்டாம். வயதோடும், இதயம் தள்ளும் ரத்தம் குறையும்போதும் அந்த எண்ணுக்கும் தமனி அளவுக்கும் இடைவெளி விரியும். 35 என்றால் தமனியில் 42, 45 இருக்கலாம். அது ஒன்றும் குடி முழுகும் அளவு இல்லை. ஆனால் "40 வந்துவிட்டது" என்று மூச்சு வேகத்தை நிமிடத்துக்கு 18க்கு ஏற்றினால் வெளிமூச்சு முடியாமல் காற்று தேங்கும்.

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 5, காலை 7:10

தேங்குவது பற்றி: புகைபிடித்த நுரையீரல் என்றால் வேகம் 8 முதல் 12, உள்மூச்சு வெளிமூச்சு விகிதம் 1:3 அல்லது 1:4. ஓட்ட வரைகோடு அடுத்த மூச்சுக்கு முன் பூஜ்யத்தைத் தொடுகிறதா பாருங்கள். தொடவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத பீப் ஒன்று உள்ளே சேர்கிறது. ரத்த அழுத்தம் காரணமில்லாமல் சரிந்தால் டியூப்பை வென்டிலேட்டரிலிருந்து கழற்றி 10 நொடி மூச்சு விடவிடுங்கள். அழுத்தம் மீண்டால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

சந்தேகி | ஜூன் 5, இரவு 9:00

அப்படியே பீப்பை 10, 12க்கு ஏற்றிவிட்டால் ஒடுங்குவதே இருக்காதே.

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 5, இரவு 10:30

ஏற்றிப் பார்த்தாயிற்று. 2014, ப்ரோவ்ஹிலோ ஆய்வு, 900 பேர், திறந்த வயிற்று அறுவை. பீப் 12ம் ரெக்ரூட்மென்டும் ஒரு பக்கம், 2 அல்லது அதற்குக் கீழே மறுபக்கம், இரு பக்கமும் 8 மி.லி. நுரையீரல் சிக்கல் 40க்கு 39 சதவீதம், சமம். 12 வைத்தவர்களுக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக விழுந்தது. முதியவரின் விறைத்த இதயம் உள்ளே வரும் ரத்தத்தை நம்பி ஓடுகிறது. நெஞ்சுக்குள் அழுத்தத்தை ஏற்றினால் அந்த வரத்து குறைகிறது. நுரையீரலுக்குச் செய்த உபகாரத்தின் செலவை சிறுநீரகம் கட்டும்.

ஆகவே 5இல் தொடங்குவேன், டிரைவிங் பிரஷர் இறங்கினால் மட்டும் 7, 8. 10க்கு மேல் போகக் காரணம் வேண்டும்.

ரெக்ரூட்மென்டில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

ஒன்று, நேரம். ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்து போட்டு ரத்த அழுத்தம் தரைதட்டியிருக்கும் அந்த நிமிடத்திலேயே செய்வது. அழுத்தம் நிலைக்கட்டும், வாசோபிரஸ்ஸார் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) சிரிஞ்சு கையில் இருக்கட்டும்.

இரண்டு, முறை. பையைக் கையால் 10 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு வென்டிலேட்டர் சாவியைத் திருப்பும் அந்த நொடியில் அழுத்தம் பூஜ்யத்துக்கு விழுகிறது, திறந்ததில் பாதி திரும்ப மூடுகிறது. வென்டிலேட்டரிலேயே படிப்படியாகச் செய்யுங்கள்: டிரைவிங் பிரஷரை 15இல் வைத்து, பீப் 5, 10, 15 என்று ஒவ்வொன்றிலும் நாலைந்து மூச்சு, உச்சம் 30, முடிந்ததும் பீப் 5, 6க்குத் திரும்புவது. மயங்கிய ஆரோக்கியமான நுரையீரல் முழுதாகத் திறக்க 40 செ.மீ., 7, 8 நொடி தேவை என்பது 1990களின் அளவீடு. முதியவரிடம் 40ஐத் தேடி ஓடுவதில்லை. 30இல் கிடைப்பது போதும். சிஸ்டாலிக் 90க்குக் கீழே அல்லது ஆரம்பத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தால் அந்தப் படியிலேயே நிறுத்திவிடலாம்.

மூன்று, செய்யக்கூடாதவருக்குச் செய்வது: நுரையீரலில் பெரிய காற்றுக் குமிழ்கள் உள்ளவர், வடியாத நியூமோதொராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே நெஞ்சுக்குள் காற்று சேர்வது) உள்ளவர், வலது இதயம் தளர்ந்தவர், மூளை அழுத்தம் உயர்ந்தவர்.

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 6, காலை 6:50

இரவு எழுதியதைப் படித்தேன். "அரை மணிக்கு ஒருமுறை" என்று கடிகாரம் வைத்து ரெக்ரூட் செய்யச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தேவை இருக்கிறதா என்று முதலில் பார்க்க ஒரு எளிய வழி: ஆக்சிஜனை 5 நிமிடம் 21 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். ரத்த ஆக்சிஜன் 97ம் அதற்கு மேலும் நின்றால் பெரிதாக ஒன்றும் ஒடுங்கவில்லை. 96, 95 என்று இறங்கினால் ஒடுங்கியிருக்க வாய்ப்பு அதிகம், அப்போது செய்யுங்கள். அறைக்கு வரும்போதே 94 இருந்தவரிடம் இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

குறைந்த ஓட்டத்தில் ஓட்டுபவர்களுக்கு: ரோட்டாமீட்டரில் (வாயு ஓட்டமானி) வைத்த சதவீதம் வேறு, உள்மூச்சில் போகும் சதவீதம் வேறு. உடல் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருப்பதால் மூச்சுக் கருவியின் சுற்றில் அது குறையும். உள்மூச்சு எண்ணைப் பாருங்கள்.

பாதிக்காற்று | ஜூன் 6, மாலை 5:20

இரண்டு முனை என்று சொல்லிவிட்டு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 6, இரவு 9:45

குத்து சரி. கடைசி முனைக்கு வருகிறேன்.

தசை தளர்த்தியின் (டியூப் போடவும் அறுவைக்கும் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைக்கும் மருந்து) மிச்சம். முதியவரின் நுரையீரலைக் கெடுக்கும் காரணங்களை வரிசையில் நிறுத்தினால் இதைத்தான் முதலில் நிறுத்துவேன். ரோகுரோனியம் என்ற தளர்த்தி முதியவரிடம் ஒன்றரை மடங்கு, சிலரிடம் அதற்கு மேலும் நீளும், ஆளுக்கு ஆள் மாறும். கல்லீரல், சிறுநீரகம், ரத்த ஓட்டம் எல்லாம் மெதுவானதன் விளைவு. சிஸ்அட்ராகூரியம் என்ற இன்னொரு தளர்த்தி தானாகவே சிதைவதால் வயதை அவ்வளவாகப் பார்க்காது.

நாலு துடிப்பு விகிதம் (நரம்பில் நாலு மின்தூண்டல் கொடுத்து, நாலாவது துடிப்பை முதலாவதோடு ஒப்பிடும் எண்) 0.9க்குக் கீழே இருந்தால் தொண்டைத் தசை ஒருங்கிணைவு இல்லாமல் விழுங்கும், எச்சில் மூச்சுக்குழாயில் இறங்கும். கழுத்துத் தமனியிலுள்ள ஆக்சிஜன் உணரியும் மந்தமாகும். வயதினால் ஏற்கெனவே மந்தமான இரண்டையும் இன்னொரு முறை மந்தமாக்குகிறோம்.

"தலையைத் தூக்கி 5 நொடி வைத்தார்" என்பது சாட்சி ஆகாது. 0.5, 0.6இலேயே தூக்கிவிடுபவர்கள் உண்டு. கையால் தொட்டு நாலு துடிப்பும் சமம் என்பதும் போதாது, 0.4ஐத் தாண்டினால் விரலுக்கு வித்தியாசம் தெரியாது. எண் காட்டும் கருவி வேண்டும்.

கருவியிலும் பொறி உண்டு. கட்டைவிரலில் வைக்கும் முடுக்க வகைக் கருவிகள் மருந்துக்கு முன்பே 1.1 காட்டக்கூடும். தளர்த்திக்கு முன் அளவுதிருத்தம் செய்யாவிட்டால் கடைசியில் வரும் 0.9 உண்மையில் 0.82. அதனால் திருத்தமில்லாத கருவியில் 1.0 வரும்வரை காத்திருங்கள். கை துணிக்கு அடியில் மாட்டிக்கொண்டது என்று புருவத்தில் வைத்தால், முகத்தசை கட்டைவிரலுக்கு முன்பே மீளும், பொய் நிம்மதி. கீல்வாதத்தில் விறைத்த கட்டைவிரலும் அசையாது, அங்கே தசை மின்னலையைப் படிக்கும் கருவி நல்லது.

கணக்கப்பிள்ளை | ஜூன் 6, இரவு 10:20

தளர்வை மீட்கும் இரு மருந்துகளின் அளவுகளை நானே போடுகிறேன். சுகாமடெக்ஸ்: இரண்டாவது துடிப்பு திரும்பியிருந்தால் 2 மி.கி./கிலோ, ஆழத்தில் இருந்தால் (டெட்டனிக் என்ற தொடர் மின்தூண்டலுக்குப் பிறகு 1, 2 துடிப்பு) 4 மி.கி./கிலோ. இங்கே கிலோ தராசுக் கிலோ, டைடல் வால்யூமோடு குழப்ப வேண்டாம். நியோஸ்டிக்மின் 0.03 முதல் 0.05 மி.கி./கிலோ, கிளைகோபைரோலேட்டோடு (இதயத்துடிப்பு குறையாமல் காக்கும் மருந்து). ஆழமான தளர்வை அது தூக்காது, நாலு துடிப்பும் வந்த பிறகே கொடுக்க வேண்டும். உச்சத்துக்கு 10 நிமிடமாவது ஆகும். கடைசித் தையலில் கொடுத்துவிட்டு மூன்றாம் நிமிடம் டியூப்பைப் பிடுங்கினால் மருந்தின் மேல் பழி போடாதீர்கள்.

முதியவரிடம் சுகாமடெக்ஸும் ஒரு நிமிடம் கூடுதலாக எடுக்கும், ரத்த ஓட்டம் மெதுவு. சிறுநீரக வடிகட்டல் 30க்குக் கீழே என்றால் மருந்தின் குறிப்பேடு வேண்டாம் என்கிறது.

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 7, காலை 7:00

குழாய் எடுப்பது. வரிசை முக்கியம்.

தளர்வு இருக்கும்போதே லாரிங்கோஸ்கோப்பால் பார்த்து வாய், தொண்டையை உறிஞ்சுங்கள். டியூப்புக்குள் உறிஞ்சுவது சளி இருந்தால் மட்டும். ஒவ்வொரு முறையும் அது காற்றையும் சேர்த்துத்தான் இழுக்கும், இவ்வளவு பாடுபட்டுத் திறந்ததை ஒரு குழலால் மூடிவிடும். உறிஞ்சினால் அதன்பின் ஒரு சிறு ரெக்ரூட்மென்ட்.

தலை 30 பாகை மேலே. விகிதம் 0.9ஐத் தாண்டியாயிற்று. பீப்பைக் கடைசிவரை நிறுத்தாதீர்கள். பையில் லேசான அழுத்தம் இருக்கும்போதே கஃப்பை (டியூப்பைச் சுற்றியுள்ள சிறு பலூன்) காற்றிறக்கி, அந்த அழுத்தத்தோடே டியூப்பை எடுங்கள், கஃப் மேல் தேங்கிய எச்சில் வெளியே தள்ளப்படும். உறிஞ்சு குழலை உள்ளே விட்டபடி டியூப்பை உருவுவது நேர்மாறான வேலை.

ஆக்சிஜன் எவ்வளவு? இங்கே எனக்கு உறுதியான கட்சி இல்லை. 100இல் எழுப்பினால் கடைசி 10 நிமிடத்தில் ஒடுங்கல், அது வார்டுக்கும் கூடவே போகும். 40இல் எழுப்பினால், மூச்சு அடைத்தால் கையிருப்பு இல்லை. மாஸ்க் எளிதாகப் பிடித்தது, டியூப் எளிதாகப் போனது என்றால் 40, 50. தொடக்கத்தில் சிரமப்பட்டவர் என்றால் 100, தயங்க வேண்டாம்.

சந்தேகி | ஜூன் 7, மதியம் 12:40

இவ்வளவு தொல்லைக்கு ஸ்பைனல் (முதுகில் ஊசி போட்டுக் கீழுடலை மரக்கச் செய்வது) கொடுத்துவிட்டால்?

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 7, இரவு 8:30

இடுப்பு எலும்பு முறிவில் 2021இல் 1,600 பேரிடம் பார்த்தார்கள். 60 நாளில் இறந்தவர் அல்லது நடக்க முடியாதவர் ஸ்பைனலில் 18.5, ஜெனரலில் 18 சதவீதம். ஒன்றுதான். மோசமான நுரையீரல் உள்ளவருக்கு ஸ்பைனல் என் முதல் தேர்வு. ஆனால் ஸ்பைனலோடு மிடாசோலம், ஃபென்டானில் போன்ற தூக்க, வலி மருந்துகளை ஊற்றித் தலை தொங்கத் தூங்கவைத்தால், அது குழாய் இல்லாத ஜெனரல்.

நரம்புத் தடை எல்லாம் நுரையீரலுக்கு நண்பன் என்றும் நினைக்க வேண்டாம். தோள் அறுவைக்கு கழுத்தில் போடும் இன்டர்ஸ்கேலீன் தடையில் 20 மி.லி. மரப்பு மருந்து போட்டால் அந்தப் பக்க உதரவிதானம் ஏறத்தாழ எல்லாரிடமும் நின்றுபோகும். பாதி மூச்சில் வாழும் முதியவருக்கு இது மீதிப் பாதியையும் கேட்பது. தோளுக்குச் சற்றுத் தள்ளிய நரம்புத் தடைகளைப் பாருங்கள்.

கணக்கப்பிள்ளை | ஜூன் 8, காலை 6:00

வயதை மட்டும் பார்த்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு கூட்டல். அரிஸ்கேட் மதிப்பெண் (அறுவைக்குப் பின் நுரையீரல் சிக்கல் வரும் ஆபத்தைக் கணிப்பது): வயது 80ஐத் தாண்டினால் 16, அறைக்காற்றில் ஆக்சிஜன் 91 முதல் 95 என்றால் 8. கூட்டினால் 24. ஒன்றரை மணி நேரக் குடலிறக்க அறுவை என்றால் அவ்வளவுதான், 26க்குக் கீழே, குறைந்த ஆபத்து. அதே ஆளுக்கு மேல்வயிற்று வெட்டு (15), இரண்டரை மணி நேரம் (16) சேர்த்தால் 55. 45ஐத் தொட்டாலே உயர் ஆபத்து. கடந்த மாதத்தில் சளிக்காய்ச்சல் 17, ஹீமோகுளோபின் 10ம் அதற்குக் கீழும் 11, அவசர அறுவை 8.

இதில் நாம் தொடக்கூடியவை சளிக்காய்ச்சலும் ரத்தசோகையும். அவசரமில்லாத அறுவையை ஒரு மாதம் தள்ளினால் 17 மறையும். வேறு எந்த மருந்தும் 17 மதிப்பெண் குறைக்காது.

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 8, காலை 6:20

கடைசி வரி சரி. ஆனால் ஹீமோகுளோபினை முதல்நாள் ரத்தம் ஏற்றி 10.2 ஆக்கிவிட்டு 11ஐக் கழித்துக்கொள்வது கணக்கை ஏமாற்றுவது. இரும்புச்சத்துக்கு வாரங்கள் வேண்டும்.

பாதிக்காற்று | ஜூன் 8, இரவு 9:10

முதல் இரவுக்கு வருகிறேன், அது என் பக்கம்.

அறுவைக்கு முன்பே ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தால் போதும். 2018இல் மேல்வயிற்று அறுவை நோயாளிகள் 441 பேரிடம் சிக்கல் 27இலிருந்து 12 சதவீதமாக இறங்கியது. பீப்பைத் திருகி யாரும் இவ்வளவு சம்பாதிக்கவில்லை. அறுவைக்குப் பிறகு வலியிலும் மருந்து மயக்கத்திலும் சொன்னால் மண்டையில் ஏறாது.

சொல்லித் தருவது: விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் 10 மெதுவான ஆழ்மூச்சு, சிறு ஓய்வு, மறுபடி 10, பிறகு தலையணையை வெட்டின் மேல் கட்டிப்பிடித்து மூன்று இருமல். பந்து மேலே ஏறும் அந்தக் கருவியை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போவதால் பலன் இல்லை. பல் துலக்குதல் காலை, இரவு, வாயில் இருப்பதுதான் நுரையீரலுக்குள் இறங்கும். மூக்கு வழி இரைப்பைக் குழாயை வழக்கத்துக்காக விட்டுவைக்க வேண்டாம். அன்று மாலையே கட்டிலிலிருந்து நாற்காலி.

திரைக்கு இந்தப்பக்கம் | ஜூன் 8, இரவு 10:40

ஒப்புக்கொள்கிறேன், சேர்க்க இரண்டு.

ரிகவரியில் (அறுவைக்குப் பின் விழிக்கும் அறை) மாஸ்கில் 6 லிட்டர் ஆக்சிஜன் ஓட, 99 காட்டுகிறது என்று எல்லாரும் நிம்மதி. ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு குறைவதை அந்த எண் காட்டவே காட்டாது. மூச்சு எண்ணிக்கையை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இலக்கு 92 முதல் 96, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு 88 முதல் 92. வார்டுக்கு அனுப்பும் முன் மாஸ்கைக் கழற்றி 5 நிமிடம் பாருங்கள்.

வலி மருந்தில் ஓபியாய்டை (மார்ஃபின் வகை மருந்து) குறைக்கிறேன் என்று கபாபென்டின், பிரிகாபலின் என்ற நரம்பு வலி மருந்துகளைச் சேர்ப்பது: முதியவரிடமும் நுரையீரல் நோயாளியிடமும் மூச்சு மந்தம் வரும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரிலேயே எச்சரித்தது. பாராசிட்டமாலும் நரம்புத் தடையும் அந்த வேலையைச் செய்யும்.

எல்லாருக்கும் முன்கூட்டியே சிபாப் மாஸ்க் போடுவதும் தேறவில்லை. ஆயிரக்கணக்கானோரிடம் 2021இல் பார்த்ததில் பலன் இல்லை. ஏற்கெனவே ஆக்சிஜன் விழுந்தவருக்குப் போட்டால் மறுபடி டியூப் போடுவதைத் தவிர்க்கலாம், அது வேறு கதை.

சந்தேகி | ஜூன் 9, காலை 8:15

கட்சி மாறிவிட்டேன் என்று எழுத மாட்டேன். 7 மி.லி.யில் ஓட்டி, கருவியில் 0.9 பார்த்து, தலைப்பக்கத்தைத் தூக்கி டியூப்பை எடுத்தாயிற்று. ரிகவரியில் "ஆழமா மூச்சு விடுங்க தாத்தா" என்றால் கண்ணைத் திறந்து பார்க்கிறார், செய்யவில்லை. 92. பீப் குறைவா?

பாதிக்காற்று | ஜூன் 9, காலை 8:50

காது மெஷின் எங்கே இருக்கிறது?

சந்தேகி | ஜூன் 9, காலை 9:05

கண்ணாடி, பல்செட்டோடு பையில். பை வார்டில்.

பாதிக்காற்று | ஜூன் 9, காலை 9:07

ஆள் அனுப்புங்கள். வரும்வரை மாஸ்கை ஒதுக்கி, அவர் காதருகே குனிந்து, கையை அவர் விலாவில் வைத்துக் காட்டுங்கள்.

சந்தேகி | ஜூன் 9, காலை 10:30

95. அறைக்காற்றில்.